பதினேழு ஊதல் வெண்டல்

அமெரிக்காவில் எங்கள் வயோமிங் மாநிலத்தில் கயோட்டியைவிட வேகமாகப் பெருகும் பிராணி ஒன்று உண்டு: ஊதல் நிபுணர். கயோட்டி, ஆட்டுக்குட்டி தின்னும் ஓநாய்ச் சாதி. அடிபட்ட முயல் அலறுவதுபோல் ஊதினால் தின்ன வரும், வந்தால் சுடலாம். அவ்வளவுதான் விஷயம். இதை நிபுணரிடம் சொல்லிவிடாதீர்கள்!

வெண்டல் ஹாஸ்கின்ஸ் கழுத்தில் பதினேழு ஊதல்கள் தொங்கும். மரத்தில் கடைந்தது, கொம்பில் கடைந்தது, பனிக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, போதாததற்கு இருநூறு குரலில் கத்தும் ஒலிபெருக்கிப் பெட்டி. சுட்ட கயோட்டி எத்தனை? நாகரிகம் தெரிந்தவர்கள் அதைக் கேட்பதில்லை.

சென்ற ஏப்ரலில் ஆர்டித் லண்ட்கிரென் என்பவரின் பட்டியில் பத்தே நாளில் ஒன்பது குட்டிகள் போயின. அந்த அம்மாள் வேறு வழியின்றி வெண்டலை அழைத்தார். காலையில் இருவரும் புதரடியில் உட்கார்ந்தார்கள். வெண்டல் முயலாக அலறினார். அரை நிமிடம்தான்.

"இது சரிப்படல. மரங்கொத்தி போடுவோம்."

"காத்து முதுகுல அடிக்குது வெண்டல். நம்ம வாடைதான் முதல்ல போய்ச் சேரும்."

"நான் முப்பது வருஷமா ஊதுறேன், ஆர்டித்."

"அது தெரியுது. எப்ப நிறுத்துவ?"

நிறுத்தவில்லை. மான்குட்டியாகக் கதறினார், பன்றிக்குட்டியாகக் கீச்சிட்டார், காதல்கொண்ட பெண் கயோட்டியாக ஊளையிட்டு மூச்சு வாங்கினார். இத்தனையையும் மீறிப் பக்கத்து மேட்டில் நிஜமாகவே ஒரு கயோட்டி வந்து நின்றது.

"அதோ! சுடு!"

"இரு, இதுக்கு இந்த ஊதல் இல்ல" என்று வெண்டல் கழுத்திலிருந்த ஊதல் மாலையைக் குடைந்தார். பதினேழும் கடகடத்தன. கயோட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று மாலையே பத்தாவது குட்டியும் போனது.

மறுநாள் ஆர்டித் தனியாகப் போனார். காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து, ஓரம் உடைந்த பழைய ஊதலை இருமுறை ஊதிவிட்டு இருபது நிமிடம் அசையாமல் இருந்தார். வந்தது. ஒரே குண்டு. சந்தோஷம் வரவில்லை. ஆனால் அதன்பின் குட்டி எதுவும் போகவில்லை.

தீவனக்கடையில் வெண்டல் ஓடிவந்தார். "எந்த ஊதல்ல வந்துச்சு?"

"வாய மூடிட்டு இருந்தேன், வந்துச்சு."

வெண்டல் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "முந்தின நாள் நான் ஊதி வச்சேன்ல, அதுக்குத்தான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்குமுன், நாளை முதல் ஓடுவதற்காக நீங்கள் வாங்கிவைத்த காலணி எத்தனை ஜோடி என்று அலமாரியைத் திறந்து எண்ணிவிட்டு வாருங்கள்.