ஓட்டையில்லாத இத்தாலி சைக்கிள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எந்தச் சாமானையும் கையில் தூக்கிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவேன் என்றொரு திமிர் எனக்கு அறுபத்து நான்கு வயது வரை இருந்தது. ஒரு சைக்கிள் வந்துதான் அதை இறக்கிவைத்தது.

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கப் போனால் கடைக்காரர் பேச்சை யாரும் கேட்பதில்லை. குடத்தைத் தூக்கிப் பார்ப்போம். கை இறங்கினால் நல்ல குடம். இறங்காவிட்டால் தகரம். சொந்தக்காரப் பெண்கள் காரைக்குடிக் கடைத்தெருவுக்கு என்னைத் துணைக்கு அழைப்பதே இதற்காகத்தான். (பேரம் பேச அல்ல. அதற்கு வாய் வேண்டும்.)

மாப்பிள்ளை என்றால் இருக்கிற வாயும் போய்விடும். மகள் செல்விக்குக் கல்யாணமாகி அப்போது பதினோரு வருஷம். மாப்பிள்ளை மதுரையில் இஞ்சினியர், தங்கமானவர். ஆனால் மாப்பிள்ளைக்கு எதிரே நின்று மாமியார் பேசக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை. அவர் கூடத்தில் சாப்பிட்டால் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். "இன்னும் ரெண்டு இட்லி வையித்தா" என்று மகளிடம்தான் சொல்வேன்.

அவருக்குப் பழைய சைக்கிள் என்றால் பைத்தியம். நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டுச் சாமான்களை விற்றபோது, இத்தாலியில் செய்த பந்தய சைக்கிள் ஒன்றின் உடம்பு மட்டும் கிடைத்தது. சக்கரம் இல்லை, பெடல் இல்லை, பிரேக் இல்லை. வெறும் உருக்குக் குழாய். அதற்கு ஏற்ற பாகங்களை எட்டு மாதம் ஊர் ஊராகத் தேடினார். அவற்றைப் போட்டுவைக்க எங்கள் வீடுதான் கிட்டங்கி. தேறியதும் தேறாததுமாக இரண்டு அட்டைப்பெட்டி நிறையச் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் சேர்ந்து காரைக்குடியிலிருந்து காளையார்கோவில் வரை ஓட்டிப் போவதாக ஏற்பாடு. தன் சைக்கிளை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டுவதாக மாப்பிள்ளை கூட்டாளிகளிடம் சவால் விட்டிருந்தார். (இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.)

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அவர் குரல் கேட்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், போனுக்குக் கண் இருப்பதுபோல.

"அத்தை, எனக்கு இங்க வேலை வந்துருச்சு. நாளைக்கு மெக்கானிக் ராசு வருவாரு. ரெண்டு பெட்டியில நல்ல செட்டை மட்டும் எடுத்துக் குடுங்க. எதுன்னு சீட்டு ஒட்டியிருக்கேன். சந்தேகம்னா கூப்பிடுங்க."

"ம்" என்றேன். அதுவரை நான் அவரிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. சனிக்கிழமை வந்த ராசு தலையைச் சொறிந்தார்.

"மாப்பிள்ளைக்கு ஒரு போனைப் போடுங்க ஆத்தா."

நானாவது, போன் போடுவதாவது! "எதுக்குப்பா? தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

முதல் பெட்டியைத் திறந்தோம். ஒவ்வொன்றும் மெல்லிய துணியில் சுற்றியிருந்தது. பல்சக்கரத்தை எடுத்தேன். இடியாப்ப அச்சுப் போல வரிசையாக ஓட்டை. பிரேக் பிடியிலும் ஓட்டை. சீட்டைத் தாங்குகிற தண்டிலும் ஓட்டை. எடையோ, சாப்பிட்டுப் போட்ட பாக்குமட்டைத் தட்டு அளவுதான்.

"என்ன ராசு, செல்லரிச்சாப்புல இருக்கு?"

"எவனோ மாப்பிள்ளைய ஏமாத்திப்புட்டான் ஆத்தா. வெளிநாட்டுச் சாமான்னா நம்பிருவாக."

இரண்டாவது பெட்டியில் கை வைத்தேன். அடடா! பெடல் ஒவ்வொன்றும் அம்மிக்குழவி. கை தோளோடு இறங்கியது.

"இதுல நெல்லு மூட்டையே ஏத்தலாம் ஆத்தா!" என்று ராசுவும் பூரித்தார்.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். போதாததற்கு, மாப்பிள்ளை வண்டி சுவரில் சாய்ந்து நிற்பதா என்று ராசு கடையிலிருந்து இரும்பு ஸ்டாண்டும் வரவழைத்து மாட்டவைத்தேன். ஓட்டைச் சாமான் வீட்டுக்குள் இருந்தால் ஆகாது. அந்தப் பெட்டி கொல்லை முருங்கை மரத்தடிக்குப் போனது.

ஞாயிறு காலை, கண்பட்டுவிடக் கூடாதென்று வேட்டியால் மூடிய சைக்கிளை, எல்லோரும் புறப்படுகிற இடத்துக்கு ராசு தள்ளிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையும் செல்வியும் மதுரையிலிருந்து நேராக வந்து இறங்கினார்கள். நான் ஒரு காருக்குப் பின்னால் இடம் பிடித்தேன்.

"ஒத்தை விரல்! எல்லாரும் பாத்துக்கங்க" என்று மாப்பிள்ளை வேட்டிக்கு அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினார். முகம் சிவந்தது. சைக்கிள் ரேஷன் மூட்டை மாதிரி நின்றது. இரண்டு விரல் கொடுத்தார். அப்புறம் ஒரு கை. அப்புறம் இரண்டு கை.

"என்னப்பா, இத்தாலியையே சேத்துத் தூக்குற மாதிரி இருக்கே!" என்றார் ஒரு கூட்டாளி.

மாப்பிள்ளை சைக்கிள் மேலிருந்த வேட்டியை உருவினார். "ராசண்ணே, என்னண்ணே இது?"

"நான் இல்லைங்க. ஆத்தாதான் ஒவ்வொன்னாத் தூக்கிப் பாத்துக் குடுத்தாக."

அத்தனை தலையும் காருக்குப் பின்னால் திரும்பியது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். எட்டு மாத அலைச்சலும் அதில் தொங்கியது. செல்வி பக்கத்தில் இல்லை, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். யாரிடம் சொல்லிச் சொல்லச் சொல்வது? கால் தானாக முன்னே வந்தது.

"நல்ல செட்டு முருங்கை மரத்தடியில கெடக்கு மாப்பிள்ளை. அம்புட்டும் ஓட்டையா இருந்துச்சு. யாரோ உங்கள ஏமாத்திப்புட்டாகன்னு நெனச்சேன்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "அத்தை, அது எடை குறையணும்னு அவங்களே போட்ட ஓட்டை."

"காசு குடுத்து ஓட்டையவா வாங்குனீக?"

சத்தியமாக அது என் வாயிலிருந்து வந்ததுதான். மாப்பிள்ளை ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று பயந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த இரும்பையே ஓட்டிப் போனார். மற்றவர்கள் காளையார்கோவிலில் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவியபோது போய்ச் சேர்ந்தாராம். இரண்டு நாள் படி இறங்க முடியவில்லை. அடுத்த வாரம் ஓட்டைகளையெல்லாம் மாட்டி, என் முன்னாலேயே ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார். கனத்த சாமான்கள் என் வீட்டு மொட்டைமாடியில் வற்றல் துணியின் நாலு மூலையிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஆடிக் காற்றுக்கும் துணி அசைவதில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் முதலில் என் கையில் கொடுக்கிறார்கள். போன மாதம் என் தங்கை பேத்திக்குக் குழந்தை பிறந்து, வீடு நிறையச் சனம். பிள்ளையை என் கையில் வைத்ததும், ஆண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார்.

"அத்தை, தூக்கிப் பாத்துட்டீங்கள்ல? சாமான் எப்படி?"

"நல்ல கனம் மாப்பிள்ளை. ஓட்டை ஒன்னே ஒன்னுதான். இப்பத்தான் என் சேலை நனைஞ்சுச்சு."