லிஃப்ட் பழுது, படியில் ஏறவும்

லிஃப்ட் மெக்கானிக் என்றால் லிஃப்டிலேயே போய் லிஃப்டிலேயே வருகிறவர் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. உலகத்துக்கு விவரம் போதாது. ஓடுகிற லிஃப்டுக்கு மெக்கானிக்கை யாரும் கூப்பிடுவதில்லை. ஓடாத லிஃப்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஓடாத லிஃப்டோ எப்போதும் உச்சி மாடியில் போய்த்தான் உயிரை விடும். ஆக, வாரம் முழுக்க ஊரிலுள்ள மாடிப்படிகளை எல்லாம் ஏறி இறங்குவதுதான் நம் மெக்கானிக்கின் பிழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடைய முழங்கால்களுக்குச் சொந்தம். அன்று ஆறாம் மாடியில் இருக்கும் தன் வீட்டு சோபாவில் கால் நீட்டினாரென்றால் பொழுது சாயும்வரை தரையைத் தொடமாட்டார்.

அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில் மகளின் இரண்டாவது பிறந்தநாள் வந்து விழுந்தது.

"சின்னதா பண்ணிடலாம்," என்றார் மெக்கானிக், குடும்பத் தலைவருக்கு உரிய குரலில்.

"நானும் அதாங்க நினைச்சேன். சின்னதாவே பண்ணிடலாம்," என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். பூரித்துப்போனார்.

"நீ, நான், பாப்பா. ஒரு கேக்கு. ஊதி அணைச்சிட்டுப் படுத்துரலாம்."

"எங்க அண்ணன்?"

"சரி, உங்க அண்ணன்."

"அண்ணன் வந்தா அண்ணி வரமாட்டாங்களா? பசங்களை மட்டும் வீட்டுல வெச்சுப் பூட்டிட்டா வருவாங்க?"

"சரி, அவங்களும். அவ்வளவுதான்."

"எதிர் வீட்டு டீச்சரம்மா? நான் குளிக்கப் போனா பாப்பாவைப் பாத்துக்கிறது யாரு, நீங்களா?"

மெக்கானிக் சோபாவில் இன்னும் கொஞ்சம் உள்ளே சரிந்தார்.

"பக்கத்து வீட்டு நர்ஸக்கா? பாப்பாவுக்குக் காய்ச்சல்னதும் போட்டது போட்டபடி ஓடிவந்தாங்களே, அவங்களை விட்டுட்டு கேக் வெட்டினா எனக்குத் தொண்டையில இறங்குமா?"

"இதுக்குப் பேரு சின்னதா?"

"என் ஆபீஸ்ல இருக்கிறவங்களை நான் இன்னும் சொல்லவே இல்லையே."

அவளுக்கும் ஒரு கவலை இருந்தது. வீட்டுக் கூடத்தில் சோபாவும் அதன்மேல் மெக்கானிக்கும் போக, மிச்ச இடத்தில் நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் வாசலில் நிற்க வேண்டும். கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே, விசாலமான கூடம் ஒன்று உண்டு. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் போய்க் கேட்டாள். அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. மாட்டேன் என்று சொல்லக் கிடைத்த வாய்ப்பை விட்டதில்லை.

"லிஃப்டுக்கு வர்றவங்க போறவங்களுக்கு இடைஞ்சல்மா. முடியாது."

மனைவி வாடிய முகத்தோடு திரும்பிவந்தாள். மெக்கானிக் "அடப்பாவமே" என்றார். உள்ளுக்குள் செயலாளருக்கு மாலை போட்டார்.

அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு யோசனை உதித்தது. கீழே இடம் கிடையாது. வீடோ ஆறாம் மாடி. லிஃப்ட் ஓடாவிட்டால் யார் ஏறிவரப்போகிறார்கள்? முக்கியமாக மச்சான். மனிதர் இருக்கிற உடம்புக்கு மூன்று படி ஏறினால் நான்காவது படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பவர்.

இதில் மெக்கானிக்கின் தொழில் ஞானமும் சேர்ந்துகொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் அவர் லிஃப்டைப் பற்றித்தான் பேசுவார். அன்றும் பேசினார்.

"ரிப்பேர் போர்டுன்னா என்னன்னு நினைச்ச? அதுக்கு இருக்கிற மரியாதை போலீசுக்குக் கிடையாது. நல்லா ஓடுற லிஃப்ட்ல மாட்டிப் பாரு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், பட்டனை அழுத்திப் பாக்க மாட்டான். போர்டைப் பாப்பான், பெருமூச்சு விடுவான், படியில ஏறுவான்."

"ம்," என்றாள் மனைவி, பாப்பாவின் வாயைத் துடைத்தபடி. அவருடைய லிஃப்ட் பேச்சுக்கு அவள் போடும் ஒரே பதில் அதுதான். அவள் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் வாங்குவதில்லை என்பது மெக்கானிக்கின் பல வருஷத்து மனக்குறை.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது கக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது.

"என்னங்க அது?"

"ஆபீஸ் சாமான்."

"ம்."

ஞாயிறு விடிந்ததும் பூனை மாதிரி எழுந்து போய், மாடிக்கு ஒன்றாகக் கீழ்த்தளம் வரை போர்டுகளை மாட்டினார். 'லிஃப்ட் பழுது. படியில் ஏறவும்.' லிஃப்டை நிறுத்தவில்லை. ஓடுகிற லிஃப்டின் உயிரை எடுப்பது தொழில் துரோகம். அவர் ஏமாற்றுக்காரர்தானே தவிர, துரோகி அல்ல.

திரும்பிவந்து, இழவு சொல்ல வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மனைவியை எழுப்பினார்.

"லிஃப்ட் போச்சு. இன்னைக்கு முழுக்க ஓடாது. பாவம், எல்லாருக்கும் போன் பண்ணி வரவேணாம்னு சொல்லிடு."

"ஐயையோ," என்றாள் அவள். உடனே போனை எடுத்தாள். மெக்கானிக் சோபாவில் சாய்ந்து காலை நீட்டினார்.

"வணக்கம் சார். லிஃப்ட் ரிப்பேர் சார். எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு, இன்னைக்கு ஓடவே ஓடாதாம். அப்போ லிஃப்டுக்கு வர்றவங்க போறவங்க யாரும் இருக்க மாட்டாங்கல்ல சார்? ஆமா சார். இடைஞ்சலே இல்ல சார். ரொம்ப நன்றி சார்."

போனை வைத்தாள்.

"செயலாளர் கீழ்க் கூடத்தைக் குடுத்துட்டாருங்க. எழுந்திருங்க. முதல்ல மேஜை."

முதலில் மேஜை போனது. பிறகு நாற்காலிகள், தண்ணீர்க் குடம், தட்டுகள், பாப்பாவின் உயரமான நாற்காலி. ஒவ்வொன்றாகத் தலையிலும் தோளிலும் வைத்துக்கொண்டு மெக்கானிக் இறங்கினார், ஏறினார், இறங்கினார். கீழே செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்ததால் லிஃப்ட் பக்கம் தலைவைக்க வழியில்லை.

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? சரி பண்ணக் கூடாதா?"

"பார்ட் வரணும் சார்."

"என்ன பார்ட்?"

"முக்கியமான பார்ட் சார்."

கடைசியில் சோபாவைக் கை காட்டினாள் மனைவி. மெக்கானிக் சோபாவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"இது எதுக்கு?"

"எங்க அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தா நாற்காலி என்னத்துக்கு ஆகும்?"

காவலாளி ஒரு முனையைப் பிடிக்க, மெக்கானிக் மறுமுனையைப் பிடிக்க, சோபா ஆறு மாடி இறங்கியது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே மெக்கானிக் சிக்கிக்கொண்டபோது, எங்கோ 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. களைப்பில் காது அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மேலே "ஜாக்கிரதைங்க" என்று வழியனுப்பிய மனைவி, அவர் கீழே வந்து சேரும்போது அங்கே பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பாப்பா வேறு. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை கிடையாது. நல்ல முழங்கால், நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை என்று உண்மையாகவே பெருமைப்பட்டார்.

பலூன்களை லிஃப்ட் கதவுக்கு மேலே, மாடி நம்பர் எரியும் இடத்தில் கொத்தாகக் கட்டச் சொன்னாள்.

"சுவர்ல கட்டலாமே?"

"அங்க கட்டினாத்தாங்க அழகு."

எல்லாரும் வந்தார்கள். ஒருவர் பாக்கி இல்லை. மச்சான் சோபாவில் நீளமாகச் சாய்ந்துகொண்டார்.

"ஆறு மாடி ஏறணுமேன்னு வரவே யோசிச்சேன் மாப்ள. கீழயே வெச்சு என் வயித்துல பாலை வார்த்தீங்க. சோபா சுகமா இருக்கு. தினமும் இதுலதான் படுக்கிறீங்களா?"

"படுத்துட்டிருந்தேன்," என்றார் மெக்கானிக்.

பாப்பாவுக்கு உலகத்தில் பிடித்தது பட்டன். யார் கையிலிருந்து நழுவினாலும் லிஃப்டை நோக்கியே ஓடினாள். அவள் அழுத்தினால் கதவு திறக்கும். கதவு திறந்தால் மானம் போகும். எனவே கேக் வெட்டியபோதும், எல்லாரும் பாடியபோதும், போட்டோ எடுத்தபோதும் மெக்கானிக் பட்டனை மறைத்துக்கொண்டு லிஃப்ட் வாசலிலேயே நின்றார். போட்டோவில் அவர் வாடகைக்கு எடுத்த காவல்காரர் மாதிரி விழுந்திருந்தார். மகள் மெழுகுவத்தியை ஊதியதைத் தூரத்திலிருந்து எட்டித்தான் பார்க்க முடிந்தது. அதில் அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது.

விருந்தினர்கள் கிளம்பினார்கள். செயலாளர் மட்டும் கடைசித் துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் பாத்திரத்தை எடுத்துட்டு முன்னாடி போறேன். நீங்க பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க. சோபாவை நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று மனைவி படியேறினாள்.

மெக்கானிக் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். முதல் மாடி வந்ததும் பாப்பா லிஃப்ட் பட்டனை நோக்கிக் கையை நீட்டி, "டிங்!" என்றாள்.

"ரிப்பேர்டா கண்ணு. போர்டு பாரு."

இரண்டாம் மாடியிலும் கையை நீட்டினாள். "டிங்! அம்மா டிங்!"

"ரிப்பேருன்னு சொன்னேன்ல?" கையை மெதுவாக விலக்கிவிட்டு, போர்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், படியில் ஏறினார்.

மூன்றாம் மாடியில் அவள் அழுதாள். நான்காம் மாடியில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். தோளில் அந்தச் சூடு பட்டதும் மெக்கானிக்குக் காலையிலிருந்து பட்டதெல்லாம் மறந்தது. இந்தக் குழந்தைக்காக இன்னும் ஆறு மாடி ஏறலாம் என்று தோன்றியது. ஐந்தாம் மாடியில் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

ஆறாம் மாடியில் மனைவி முகம் கழுவி, புடவை மாற்றி, காபியும் குடித்து முடித்திருந்தாள்.

"என்னங்க, இவ்வளவு நேரம்?"

மெக்கானிக் மகளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, சோபா இருந்த இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"நீ எப்படி அதுக்குள்ள... மூச்சுகூட வாங்கலையே?"

"ஒண்ணாம் மாடி வரைக்கும் நடந்தேன். அப்புறம் லிஃப்ட்ல வந்தேன்."

"லிஃப்ட்லயா? ஒண்ணாம் மாடியிலயும் போர்டு இருக்கே!"

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க," என்றாள் அவள். "போர்டைப் பாத்துட்டு ஒருத்தரும் பட்டனை அழுத்தல. காலையிலேருந்து எனக்கு லிஃப்ட் காலியாவே கிடைச்சுது."