கச்சான் காற்றை வென்ற கலன்

அலைக்கு அஞ்சாத நெஞ்சினனே, கிண்ணியாக் கரையின் காவலனே, பதினைந்து குதிரை வலுவுள்ள ஒற்றை எஞ்சின் படகின் ஏகச் சக்கரவர்த்தியே, மஹ்ரூப் எனும் மாவீரனே, உன் புகழ் பாடப் புகும் என் நாவுக்கு பால் விடாத ஒரு மிடறு பிளேன்ரீயேனும் தந்து அருள்வாயாக!

வாளேந்திய படை வரவில்லை. துறைமுக வாயிலில் பகைவர் கப்பல் எதுவும் தோன்றவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் எண்ணெய்க் கிணறுகளை ஆளும் மன்னரும் அவர்களை முறைக்கும் மன்னரும் கோபத்தில் விலையை மட்டுமே உயர்த்தினர். அந்த விலையேற்ற அம்போ மலை தாண்டி, அலை தாண்டி, வேறெவர் மார்பும் அகப்படாதது போல மஹ்ரூபின் மண்ணெண்ணெய்க் கலனில் வந்து தைத்தது. மறுகரைக் காட்டில் பழைய உலகப்போருக்குக் கட்டிய யானை போன்ற எண்ணெய்த் தாங்கிகள் அணிவகுத்து நிற்க, அவற்றின் கண்ணெதிரே ஊரே எண்ணெய்க்கு வரிசை கட்டியது. குடாவுக்குள் கீரிமீன் கூட்டம் நேற்றே வந்துவிட்டது. இன்று எண்ணெய் கிடைத்தால் மஹ்ரூபுக்குக் கடல். கிடைக்காவிட்டால் கீரி அடுத்தவன் வலைக்கு.

ஊர் என்றேனே, வரிசையில் நின்றவை உண்மையில் கலன்கள், ஊர்வாயில் 'கான்'கள். தமக்குப் பதில் வெற்றுக் கலனை நிறுத்திவிட்டு, வேம்பின் நிழலில் உலக அரசியல் பேசுவது அந்த எண்ணெய் நிலையத்தின் தொன்றுதொட்ட அறம். அந்த அறத்தின் ஒரே பகை, தென்மேற்கிலிருந்து சுழற்றி வீசும் கச்சான் காற்று. இதை முன்னுணர்ந்த நம் வீரன், கலனில் கால்வாசிக்குக் கடல்நீர் வார்த்து இறுக மூடி, முறை வரும்போது கொட்டிவிடலாம் என்று வரிசையின் வாலில் வைத்தான். அபாரமான மூளை, ஐயமேயில்லை.

உச்சி வெயிலில் வந்தது கச்சான். புழுதி எழுந்து கதிரவனை மறைக்க, கலன்கள் உருண்டன, புரண்டன, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தெருவெங்கும் ஓடின. களத்தில் அசையாது நின்றது ஒன்றே ஒன்று. பதறி ஓடிவந்தவர்கள் தத்தம் கலனைப் பிடித்தார்களே ஒழிய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. அதுவரை முதலிடத்தில் இருந்த ஆலங்கேணி ஞானசேகரம், வலையிழுத்துக் காய்த்த கையை உயர்த்தி முழங்கினார்:

"நான் விடியவே வந்தனான்! உங்கட கான் கடைசியில எல்லோ இருந்தது?"

"ஓம் அண்ணன், இருந்தது. இப்ப நிக்கிறது ஆர்ர கான்?" என்ற மஹ்ரூப், அருகிருந்த கதிரை மேல் ஏறி நின்றான். "இது விலையேத்தம் இல்ல, யுத்தம்! வெடியில்லாம குண்டில்லாம நம்மட எஞ்சினக் கரையில வெச்சே சாகடிக்கிற யுத்தம்! யுத்தத்தில நிண்டவன்தான் முன்னுக்கு!"

வரிசைச் சேனை வழிவிட்டது. "சரி, போங்கோ, இந்தக் கதைக்கு நம்மளால ஏலாது" என்று ஞானசேகரம் இரண்டாமிடத்துக்கு ஒதுங்கினார். மஹ்ரூப் கலனைத் தூக்கிச் சென்று வைத்தான். வென்ற தோளுக்கு அதன் கனம்கூடத் தெரியவில்லை. எண்ணெய் ஊற்றும் றிஸ்கான் மூடியைத் திறந்து, "காக்கா, ஊத்தவா?" என்று மூத்தவனுக்குரிய மரியாதையோடு கேட்டான். சேனையை நோக்கித் திரும்பி, மன்னர்களின் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்த வீரன், "ஊத்துங்க தம்பி, நல்லா ஊத்துங்க!" என்று ஆணையிட்டுவிட்டு மேலும் விரித்தான்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் படகு நீரில் இறங்கியது. "கீரியோட வாங்க, குசினியில கறிக்குக் கூட்டு அரைச்சு வெச்சிருக்கன்" என்று மனைவி றம்ஸியா கரையிலிருந்து வழியனுப்பினாள். மஹ்ரூப் எஞ்சின் கயிற்றை இழுத்தான். அது ஒருமுறை உறுமி, இருமுறை இருமி, கடல்நீர் குடித்த பிள்ளையைப் போல் முகம் சுளித்து அடங்கியது. கொட்ட மறந்த கலனில் எண்ணெய் மேலே, எஞ்சின் உறிஞ்சும் அடியில் உப்புநீர். உலக மன்னர்களின் அம்புக்குத் தப்பியவன் தன் கையால் வார்த்த கடலில் வீழ்ந்தான். ஞானசேகரத்தின் படகு பக்கத்தால் போகையில், "என்ன மஹ்ரூப், யுத்தம் முடிஞ்சுதோ?" என்று ஒரு குரல் வந்தது. மாவீரன் குனிந்து துடுப்பைத் தேடினான்.

வாழ்க அவன் கொற்றம், வாழ்க அசையாத அக்கலன், திசையெட்டும் பரவுக அவர்தம் வெற்றி!

வீட்டுக்குப் போகிற வழியில் றம்ஸியா கடையில் தகரத்தில் அடைத்த ரின்மீன் ஒன்று வாங்கினாள்.