சுருட்டை எழுதிய பாட்டு

மனைவியின் ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டைத் தூக்கியாக வேண்டும். அதுவரை ஓயப்போவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் ஒலிப்பதிவுக்காரர் அன்று பல்லே தேய்த்தார்.

மனைவி நாட்டுப்புறப் பாடகி. மற்றவர்கள் எழுதிப் பாடிய பாட்டுகளைத் தன் குரலில் பாடி ஓர் ஆல்பம் போடுகிறாள். பதிவு செய்வது புருஷன். ஸ்டூடியோ என்பது வீட்டின் பின்னறை. சுவரெல்லாம் மெத்தை, ஜன்னலுக்குப் போர்வை. மற்ற பாட்டுகளையெல்லாம் அவர் சந்தோஷமாகத்தான் பதிந்தார். எழுதியவர்களில் பாதிப் பேர் கிழவர்கள், மீதிப் பேர் உயிரோடு இல்லை. அவருக்கென்ன கவலை?

கடைசிப் பாட்டுதான் வயிற்றெரிச்சல். அது சுருட்டை என்கிறவன் எழுதியது. சுருட்டை உயிரோடு இருந்தான். நன்றாகவே இருந்தான். கல்யாணத்துக்கு முன் அவளோடு மேடை மேடையாக ஜோடி சேர்ந்து பாடியவன். தலை கொள்ளாத முடி வேறு. நம்மவர் தலையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அவன் அவளைச் "சிட்டு" என்றுதான் கூப்பிடுவான். தாலி கட்டியவனே இத்தனை வருஷமாக "இந்தா" என்று கூப்பிட்டுக் காலம் தள்ளும்போது, இவனுக்கு என்ன சிட்டு வேண்டிக்கிடக்கிறது? நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேண்டாம் என்று நேராகச் சொன்னால் பொறாமை என்பாள். அதனால் தொழிலைக் காட்டி மடக்கப் பார்த்தார். அவள் உள்ளே பாடி முடித்ததும், வெளியே ஹெட்ஃபோனோடு உதட்டைப் பிதுக்கினார்.

"மூச்சு சத்தம் விழுது. இன்னொரு தடவை."

பாடினாள்.

"ஃப்ரிட்ஜ் சத்தம்."

"அதைத்தான் நீங்களே ஆஃப் பண்ணீங்களே?"

"அதான். ஆஃப் பண்ண சத்தம்."

மறுபடி பாடினாள். நாய் என்றார், பல்லி என்றார், பக்கத்து வீட்டுக்காரர் யோசிக்கிற சத்தம் என்று மட்டும்தான் சொல்லவில்லை. அவள் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்பது கணக்கு. பாவி மனுஷி, அலுக்கவே இல்லை! வருவியா வருவியா என்று யாரையோ கூப்பிடும் பாட்டு அது. பாடப் பாட உருக்கம் கூடிக்கொண்டே போனது. கேட்கக் கேட்க இவருக்குத்தான் நெஞ்சடைத்தது.

கடைசியில் பெரிய அஸ்திரத்தை எடுத்தார்.

"இந்தா, உண்மையைச் சொல்லட்டுமா? குத்தம் உன் மேல இல்ல, பாட்டு மேல. ஆணும் பொண்ணும் மாத்தி மாத்திப் பாட வேண்டிய பாட்டு இது. ஒத்தைக் குரல்ல எடுபடாது."

"நிஜமாவா சொல்றீங்க?"

"என் தொழில் மேல சத்தியமா."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. ஒழிந்தது சனியன் என்று அவர் அன்றைக்கு இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பின்னறைக் கதவைத் திறந்தால், உள்ளே முதலில் தெரிந்தது முடி. அப்புறம் சுருட்டை.

"வாங்கண்ணே! ஒத்தைக் குரல்ல எடுபடாதுன்னு நீங்களே சொன்னீங்களாமே? என்ன பெரிய மனசு! சிட்டு சொன்னதும் ஓடி வந்துட்டேன்."

"எனக்கும் முதல்லேருந்தே ஆசைதாங்க," என்றாள் அவள். "நீங்க என்ன நினைப்பீங்களோன்னுதான் கேக்கல."

"மைக்கு... ஒண்ணுதானே இருக்கு?"

"பரவால்ல, ஒட்டி நின்னுக்கறோம். நீங்க கதவைச் சாத்துங்க," என்றாள் மனைவி.

சாத்தினார். இருவரும் பாடினார்கள். ஹெட்ஃபோனுக்குள் காது இரண்டும் தீயாக எரிந்தன. கடைசி வரி முடிந்ததோ இல்லையோ, கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றார்.

"பிரமாதம்! ஒரு குத்தமும் இல்ல! வேலை முடிஞ்சுது, தம்பி கிளம்பலாம்!"

"என்னங்க அவசரம்? நேத்து எவ்வளவு பொறுமையா இருந்தீங்க!" என்றாள் மனைவி. "சாயங்காலம் வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடிப் பாத்துடறோம்."