இறங்குவதற்கு ஒரு பெஞ்சு

கூச்சப்படுகிறவர்களுக்கு எந்த வேலையும் இரட்டை வேலைதான். பஸ்ஸில் "இங்கே இறங்கணும்" என்று கத்தக் கூச்சப்பட்டு, அடுத்த ஊர் வரை போய்விட்டு நடந்து திரும்பியவள் நான். கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றை விழுங்கிவிட்டு எழுந்தவள். (ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் வாத்தியார் பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வாய் வராது. பாதி நாள் வந்தும் வராதவள்தான்.)

இப்படிப்பட்டவள் அறுபது தாண்டிய வயதில் சைக்கிள் ஓட்டக் கிளம்பியிருக்கக் கூடாது. ஆனால் எனக்குச் சர்க்கரை. கூடவே மூட்டுத் தேய்மானம். நடந்தால் சர்க்கரை குறைகிறது, மூட்டு போகிறது. உட்கார்ந்தால் மூட்டு தாங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே எத்தனை காலம்தான் மல்லுக்கட்டுவது? தேனியில் டாக்டரிடம் போனபோது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சைக்கிள் ஓட்டுங்கம்மா, ரெண்டுக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டார். அங்கேயே சிரிக்கத் தொடங்கிய என் மகன், சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு லேடீஸ் சைக்கிளை வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டான்.

பழக்கிவிட்டது மருமகள் தேவி. விடியும் முன்னால் கம்பத்துக்கு வெளியே திராட்சைத் தோட்டத்துப் பாதையில் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடுவாள். எத்தனை தடவை விழுந்தேன் என்பதை விடுங்கள். ஒருநாள் அவள் கையை எடுத்தும் சைக்கிள் போனது. என்னாலேயே நம்ப முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தாய் வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. கிளம்பும்போது சொன்னாள்: "அத்தை, ஏறுறது, ஓட்டுறது பழகிட்டீக. எறங்குறத நான் ஊருக்குப் போயிட்டு வந்து சொல்லித் தாரேன். அதுவரைக்கும் சைக்கிளத் தொடாதீக."

தொட்டேன். ஏனென்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. பந்தல் பந்தலாகத் திராட்சைக் கொடி பின்னால் போகும். கணுக்காலில் காற்று படும். அடுப்படியிலேயே வெந்த காலுக்கு அது பெரிய காரியம்.

இறங்குவதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சீட்டில் உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டாது. அதனால் வீட்டு வாசல் படியில் கால் வைத்து ஏறுவேன். நேராக வாய்க்கால் பாலம் வரை போவேன். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச்சுவர் உண்டு. அதில் காலை ஊன்றி இறங்கி, சைக்கிளை உருட்டித் திருப்பி, அதே சுவரில் ஏறி வீட்டுப் படியில் வந்து இறங்குவேன். நடு ரோட்டில் பிரேக் போட்டால் விழவேண்டியதுதான். ஆனால் நான் ஏன் நடு ரோட்டில் பிரேக் போடப்போகிறேன்?

உடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேலை செயினில் மாட்டும் என்று நைட்டியோடு போவேன். மரியாதைக்கு மேலே ஒரு துண்டு. இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஒருநாள் போனால் பாலத்துச் சுவர் முழுக்க ஆம்பளைகள். திராட்சை வெட்டப் போகிற ஆட்கள், வண்டிக்குக் காத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "கொஞ்சம் எந்திரிங்கய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தூரத்திலிருந்தே அந்த வார்த்தையை வாய்க்குள் மென்றுகொண்டு வந்தேன். பக்கத்தில் வந்ததும் விழுங்கிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்து, எனக்குத் தெரியாத பக்கம் போய்க்கொண்டே இருந்தேன். திரும்பவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. அது சுருளி அருவிக்குப் போகிற சுருளிப்பட்டி ரோடு.

பொழுது பளபளவென்று விடிந்தது. எதிரே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் வந்தது. உள்ளேயிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, அருவிக்கா? துண்டு இருக்கு, சோப்பு எங்க?"

ஜீப் முழுக்கச் சிரிப்பு. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். மூட்டு இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. விழுந்தாவது தொலைக்கலாம் என்று நினைத்தபோதுதான் அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். ஊர் ஓரத்தில் ஒரு வீடு, வாசலில் பந்தல், பந்தலுக்கு வெளியே ரோட்டை ஒட்டி ஒரு மரப் பெஞ்சு. யாரும் உட்காரவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று அதை நோக்கிப் போய், பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றினேன். கால் பெஞ்சில் நின்றது. சைக்கிள் நிற்கவில்லை. அது டமாரென்று சாய, என் முட்டி பெஞ்சு விளிம்பில் இடிக்க, "ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

அலறக்கூடாத இடத்தில் அலறவில்லை. அது சாவு வீடு.

உள்ளேயிருந்து நாலைந்து பெண்கள் தலைவிரி கோலமாக ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். "ஏ ஆத்தா, கேட்ட ஒடனே கட்டுன துணியோட ஓடியாந்துட்டியே! சைக்கிள்ல விழுந்து எந்திரிச்சு வந்தியே!" என்று ஒருத்தி ராகம் எடுத்தாள். என்னை நடுவில் உட்கார வைத்துத் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார்கள். நான் அழுதேன். முதலில் முட்டி வலி. அப்புறம் பயம். அப்புறம் செத்துப்போன என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்து தொலைத்தது. அழுகையும் எனக்குச் சைக்கிள் மாதிரிதான், தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. அந்த வீட்டில் அன்றைக்கு என்னளவுக்கு யாரும் அழவில்லை.

அதுதான் வினையாகப்போனது.

செத்தவருடைய தங்கச்சி என் பக்கத்தில் இருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தூரு?"

"கம்பம்."

"கம்பமா?" என்றாள். அழுகை அப்படியே நின்றது. இன்னொருத்தி காதில் அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "அண்ணே வாரந்தவறாம கம்பம் கம்பம்னு ஓடுனது இதுக்குத்தேன் போல."

அந்தப் பேச்சு வாய் மாறி வாய் மாறி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த வீட்டம்மாவிடம் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்தேன். ராத்திரி முழுக்க விழித்த முகம். என் வயதுதான் இருக்கும். என் நைட்டியைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், அழுது வீங்கிய என் மூஞ்சியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எத்தன வருசப் பழக்கம்?"

எழுந்து ஓடிவிடலாம். ஆனால் நான் வாய் திறக்காமல் போனால், அவள் மிச்சக் காலம் பூராவும் புருசனைச் சந்தேகப்பட்டுக்கொண்டே கிடப்பாள். ரசம் கேட்காமல் இருந்தால் எனக்கு மட்டும்தான் நட்டம். இது அப்படியில்லை. பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த சத்தத்தையெல்லாம் கூட்டிச் சொன்னேன்.

"ஆத்தா, சத்தியமா அவுக யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்குச் சைக்கிள்ல இருந்து எறங்கத் தெரியாது. பெஞ்சப் பாத்து எறங்குனேன்."

எல்லார் கண்ணும் வாசலில் கிடந்த சைக்கிள் பக்கம் திரும்பியது.

"இதென்னடி கத!" என்றாள் தங்கச்சி. "எறங்கத் தெரியாதவ எப்பிடி ஏறுவா? எங்க, ஓட்டிக் காட்டச் சொல்லு!"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. வீட்டம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இதுவும் என் தலையெழுத்து என்று எழுந்தேன். அதே பெஞ்சில் கால் வைத்து ஏறி, துக்கத்துக்கு வந்த சனம் மொத்தமும் பார்க்க, பந்தலுக்கு முன்னால் சைக்கிளை விட்டேன். "பிரேக்கப் போடு!" என்று தங்கச்சி கத்தினாள். போட்டேன். ஒரு காலால் காற்றில் தரையைத் தேடினேன். தரை இல்லை. அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குள் போய் விழுந்தேன்.

என்னைத் தூக்கிவிட முதலில் வந்தது அந்த வீட்டம்மாதான். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்ததும்தான் சிரிப்பு என்று தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தேன் தாயி," என்றாள். "கோவத்துல ஏறுனா எறங்கத் தெரியாது. நான்தேன் பெஞ்சு மாதிரி கெடந்தேன்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். இந்தத் தடவை முட்டிக்காக இல்லை.

பாடைக்கு மூங்கில் இறக்கிவிட்டுத் திரும்பிய மினி ஆட்டோவில் என்னையும் சைக்கிளையும் ஏற்றி அனுப்பினார்கள். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் போகக்கூடாதே. வாசல் தொட்டியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது மகன் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தான்.

"யாரும்மா செத்தது?"

"பேரு கேக்க மறந்துட்டேன்பா."

தேவி ஊரிலிருந்து வந்து, விசயத்தைக் கேட்டுச் சிரித்து முடித்து, ஒரு ஸ்பானரை எடுத்துச் சீட்டைக் கீழே இறக்கினாள். கால் தரையில் பொத்தென்று நின்றது. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் நான் ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்தேன்.

இப்போதும் முட்டி அனுமதிக்கிற நாட்களில் அந்த வீடு வரை ஓட்டிக்கொண்டு போகிறேன். அந்த வீட்டம்மா சர்க்கரை போடாத காப்பி தருவாள். பெஞ்சை அவள் உள்ளே எடுத்துப் போடவே இல்லை. எனக்கும் இப்போது எங்கே வேண்டுமானாலும் இறங்கத் தெரியும். என்றாலும் அதில்தான் இறங்குகிறேன்.

ஆனால் சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போய் நிம்மதியாக அழ முடிவதில்லை. அழத் தொடங்கினாலே தேவி பக்கத்தில் வந்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, என் காதில் கேட்பாள்:

"அத்தை, நெசமாவே அழுகுறீகளா? இல்ல, எறங்க எடமில்லாம வந்தீகளா?"