தாய்மாமன் வாங்கிக் கொடுத்த வேலை

கிறிஸ்துவுக்குள் பிரியமான தங்கை கிரேசிக்கு,

தூத்துக்குடியிலிருந்து அண்ணன் தேவபிரசாதம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் மதினி என்னைவிடச் சுகம். மஸ்கட்டில் நீயும், உன் ஆஸ்பத்திரியும், அதில் படுத்திருக்கிற அனைவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் பாதியிலேயே "டூட்டிக்கு நேரமாச்சு அண்ணா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முடிகிற வரைக்கும் நான்தான் பேசுவேன்.

விஷயம் இதுதான். உன் மகள் ஈவாஞ்சலினுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிறந்ததிலிருந்து கால் வலுவில்லாமல் ரெண்டு கம்பு ஊன்றி நடக்கிற பிள்ளை, பி.காம் முடித்தும் வீட்டில் இருக்கிறாளே என்று நீ அங்கே கண்ணீர் விட்டாய். "உதவித்தொகை வேண்டாம் மாமா, போட்டி போட்டு வேலைக்குப் போறேன்" என்று அவள் இங்கே மல்லுக்கு நின்றாள். போன வாரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் இன்டர்வியூ. கப்பலுக்குப் போகிற பெட்டிகளில் எதன்மேல் எதை அடுக்குவது என்று கம்ப்யூட்டரில் தீர்மானிக்கிற வேலை. அதாவது இவள் தலையசைத்தால்தான் கப்பலே அசையும். "நான் மட்டும் ஆட்டோல போய்ட்டு வாரேன்" என்றாள். தாய்மாமன் இல்லாமல் நம் குடும்பத்தில் காது குத்தியிருக்கிறோமா, கல்யாணம் பண்ணியிருக்கிறோமா? வேலை மட்டும் எப்படி மாமன் இல்லாமல் நடக்கும்? வேன் பிடித்தேன். நான், உன் மதினி, மீசைக்காக அடுத்த வீட்டு அய்யாக்குட்டி அண்ணாச்சி, ஒரு தாம்பாளம் நிறைய பழம், உடன்குடிக் கருப்பட்டி, ஒரு டப்பா மக்ரூன். வழியெல்லாம் பிள்ளை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது. வெட்கம் என்று நினைக்கிறேன்.

அங்கே போனதும் டை கட்டின ஒரு தம்பி கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். மேனேஜர் இவர்தான் என்று பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன். தாம்பாளத்தை நீட்டி, நம் குடும்பத்தின் பெருமை, நான் எட்டாம் வகுப்போடு நின்றது அதற்குமேல் சொல்லித்தர வாத்தியார்களிடம் சரக்கு இல்லாததால்தான் என்பது, எல்லாம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, மக்ரூனையும் தின்று முடித்துவிட்டு, "நானும் இன்டர்வியூக்குத்தான் வந்திருக்கேன் அண்ணாச்சி" என்கிறான். அதுவும் நல்லதுக்குத்தான். எதிராளியின் வயிற்றை இனிப்பால் மந்தமாக்கினது நம் பக்கத்துக்குத்தானே லாபம்.

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேள். பெரியத்தை மகளைப் பெண் பார்க்க வந்தபோது அவளுடைய சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டோமே, கல்யாணம் நடந்ததா இல்லையா? மாப்பிள்ளைக்குக் கொண்டு வந்த காபியை அவர் சித்தப்பாவிடம் நீட்டினாள் என்பது வேறு விஷயம். அதே முறைதான். அதிகாரி வருமுன் ஈவாவை இன்டர்வியூ அறை நாற்காலியில் உட்கார வைத்து, கம்பு ரெண்டையும் நைசாக எடுத்துக்கொண்டு போய் வேனில் போட்டுவிட்டேன். குறை கண்ணில் பட்டால்தானே குறை. திரும்பி வந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அதிகாரி டெல்பின் மேடம் என்று ஒரு அம்மா. கேள்வி கேட்டார், பாதிக்கு ஈவா பதில் சொன்னாள், மீதிக்கு நான் சொன்னேன். மெச்சிப்போய், "சரிம்மா, அடுத்த ரூமுக்கு வாங்க, கம்ப்யூட்டர் டெஸ்ட்" என்று எழுந்துவிட்டார். வாசலில் நின்ற அய்யாக்குட்டி அண்ணாச்சி கம்பை எடுக்க வெளியே ஓடிப் பார்த்தால் வேன் இல்லை. டிரைவர் டீசல் போடப் போய்விட்டான். நான் சமாளித்தேன்: "பிள்ளைக்கு இங்கனயே இருந்து எழுதித்தான் பழக்கம் மேடம்." ஈவா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயதில் நீ என்னைப் பார்ப்பாயே, அதே பார்வை.

"மேடம், எனக்கு நடக்க ரெண்டு கம்பு வேணும். அதை எங்க மாமா ஒளிச்சு வச்சிருக்காவ. வாரதுக்கு நேரமாகும்போல. இது உருளுற சேர்தானே, இதுலயே வந்திருதேன்" என்று மேஜையைப் பிடித்து ஒரு தள்ளு. டெல்பின் மேடம் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து தள்ள, பிள்ளை தேரில் போவதுபோல் போய்விட்டாள்.

டெஸ்டில் இவள்தான் முதல். குளிரூட்டுகிற பெட்டியைக் கரண்ட் பிளக் இருக்கிற வரிசையில் வைத்தாளாம்; டை கட்டின தம்பி அதைக் கொண்டுபோய் நடு வெயிலில் வைத்தானாம். உள்ளே இருந்த இறால் கம்ப்யூட்டருக்குள்ளேயே நாறியிருக்கும்.

காரியம் கனிந்த நேரம் பார்த்து நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "மேடம், கால் முடியாத பிள்ளை. நீங்க முழுச் சம்பளம் குடுக்க வேண்டாம், பாதி குடுத்தாப் போதும்." சந்தையில் அடிபட்ட பழத்துக்கு விலை குறைப்பதில்லையா? அதற்கு உன் மகள் சொன்னதைக் கேள்.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க. மேடம், எனக்குக் கால்தான் மெதுவா வரும், வேலை மெதுவா வராது. மத்தவங்களுக்கு என்ன சம்பளமோ அது வேணும். மேஜை மாடியில இருக்குன்னு சொன்னீங்க, அதைக் கீழ போட்டுத் தரணும். இது ரெண்டும் இல்லன்னா எனக்கு வேண்டாம்."

கிடைத்த வேலையைக் கையால் தள்ளுகிறாளே என்று வியர்த்து உட்கார்ந்திருந்தேன். டெல்பின் மேடம் ஒரு தடவை மாடிப் பக்கம் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். அப்புறம், "மேஜையைக் கீழ எறக்க ரெண்டு ஆள் போதும். உங்க மாமாவை வெளிய எறக்கத்தான் இன்னும் நாலு ஆள் வேணும்" என்றார். என்னுடைய எடையைக் குறித்து அவருக்கு எவ்வளவு மரியாதை பார்த்தாயா?

நேற்று உத்தரவு வந்துவிட்டது. முழுச் சம்பளம், கீழே மேஜை. பாதிச் சம்பளம் என்று நான் போட்ட தூண்டிலில்தான் முழுச் சம்பளம் மாட்டியது என்பதை நீ சொல்லித்தான் மற்றவர்கள் அறிய வேண்டும். நானாகச் சொன்னால் பெருமை அடிக்கிறான் என்பார்கள்.

உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. உன்னோடு ரூமில் தங்கியிருக்கிற நர்ஸ் பிள்ளைகளுக்கு எங்கள் ஸ்தோத்திரம் சொல். இராச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்காதே.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அண்ணன்,
தே. தேவபிரசாதம்

பி.கு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் பெருமைக்காக ஈவாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொல்கிறாள்: அந்த வாரமே தனியாக ஆட்டோவில் இன்னொரு கம்பெனிக்கும் போனாளாம். ஒருத்தரும் தள்ளாமல், அவளுக்காக ஒருத்தரும் பேசாமல் அங்கேயும் எடுத்துவிட்டார்களாம். ஆபீசே தரையோடு இருக்கிறதாம், சம்பளமும் கூடவாம். அது தெரிந்து டெல்பின் மேடம் "நாங்களும் கூட்டித் தாரோம்" என்று இன்று காலையில் போன் போட்டிருக்கிறார். நம் பிள்ளைக்கு ரெண்டு கம்பெனி போட்டி. இவள் அந்த இன்னொரு கம்பெனிக்கே சரி சொல்லிவிட்டாள். "அப்போ நான் வாங்கிக் கொடுத்த வேலை என்னளா ஆகும்?" என்று கேட்டேன். "அதை உங்க பேர்லயே வச்சுக்கிடுங்க மாமா" என்கிறாள். நானோ வருகிற ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கிற ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டில் டெல்பின் மேடம் கம்பெனி பெயரையும், 'தாய்மாமன் முயற்சியால்' என்பதையும் சேர்த்துப் பாஸ்டர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். நீங்களே போய் மாற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று என்னை விரட்டுகிறாள். கூட வா என்றால் வரமாட்டாளாம். நாளைக்குக் காலையில் அவள் ஆபீசுக்குப் போக வேண்டுமாம்.