நான் பூட்டினேன், அம்மா திறந்தா

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது பூட்டாவிட்டால் நித்திரை வராது. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியராகச் சேர்ந்த புதிது. அங்கே ஒழுக்கத்துக்குப் பொறுப்பான ஆசிரியை என் அம்மா. (அவ விறாந்தையில் நடந்தால் காகமும் கத்தாது.) லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கணினிகள் வாங்கித் தந்திருந்தார். ஒரே நிபந்தனை, பிள்ளைகள் கண்டதையும் பார்க்கக்கூடாது. நான் விடுவேனா? வீடியோ, விளையாட்டு, முகநூல் எல்லாவற்றையும் மறிக்கும் வடிகட்டி ஒன்றைப் போட்டேன்.

திறப்பு விழா. மண்டபம் நிறையப் பெற்றோர். லண்டன்காரர் அங்கே விடியப்புறமே கோட்டும் சூட்டுமாக வீடியோ அழைப்பில் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. அழைத்தேன். பெரிய திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: "இது மாணவருக்கு உகந்ததல்ல."

பள்ளிக்கூட அதிபர் என் காதுக்குள் கேட்டார், "தம்பி, ஆளைக் காணேல்லையே?"

"இப்ப வருவார் சேர்."

வடிகட்டியை நிறுத்தப்போனேன். அவசரத்தில் கடவுச்சொல் பிழைத்தது. திரும்பவும் பிழைத்தது. கடைசியில் அது என்னையும் வெளியே தள்ளிவிட்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அன்றோடு போச்சு என்றே நினைத்தேன்.

அம்மா தன் மடிக்கணினியோடு மேடைக்கு ஏறினா.

"தள்ளு."

வயரை எடுத்து அதில் கொழுவினா. திரையில் தொடர்நாடகம் ஒன்றின் மருமகள் பாதி அழுகையில் நின்றாள். மண்டபமே கொல்லென்று சிரித்தது.

"அம்மா, இது எப்பிடி இங்கை ஓடுது?"

"நாட்டிலை அரசாங்கம் முகநூலை மறிச்ச நேரம், தாண்டிப் போக நீதானே விபிஎன் போட்டுத் தந்தனி? உன்ரை வடிகட்டியைத் தாண்டவும் அது காணும்."

(ஒலிவாங்கி போட்டபடி இருந்தது.)

அதிலேயே அழைக்க, லண்டன்காரர் திரையில் வந்தார். இவ்வளவு பாதுகாப்பான இணையத்தை அமைத்த தம்பிக்கு நன்றி என்றார். அதிபர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரையில் என்ன நிற்கும் என்று தெரிந்துதான் அம்மா அதைத் திறந்தா. இத்தனை வருஷம் கட்டிக்காத்த பயத்தை எனக்காக ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுத்தா. பிறகு பிள்ளைகள் வழிமறித்து, "டீச்சர், மருமகளுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். அவவும் கதை சொல்லுவா.

வேலை நிரந்தரமானது. கலியாணமும் வந்தது. மணவறையில் தாலிக்கொடியைப் பூட்ட முடியாமல் நான் தடுமாற, முன்வரிசையிலிருந்து அதிபர் சத்தம் போட்டார்:

"தாயைக் கூப்பிடுங்கோ!"

தாலி ஏறும் நேரத்தில் என் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கும் அந்த வீடியோவை, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள்.